ரோட்டில் ஓடும் எம்எக்ஸ்-5க்கு சஸ்பென்ஷன் தேர்ந்தெடுத்த அனுபவம்

என்னிடம் இருப்பது 2002ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டாம் தலைமுறை, 1.8 லிட்டர் எஞ்சின், பின்சக்கர இயக்கம், இரண்டே சீட், எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். மான்செஸ்டர் பக்கம் குடியிருப்பதால் வார இறுதியில் அது போவதெல்லாம் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைச் சாலைகளுக்குத்தான். கிளாசாப்பிலிருந்து ஷெஃபீல்டு நோக்கி ஏறி இறங்கும் ஸ்னேக் பாஸ், பக்ஸ்டனுக்கும் மாக்கிள்ஸ்ஃபீல்டுக்கும் நடுவே கேட் அண்ட் ஃபிடில். ரேஸ் டிராக்குக்கு நான் போவதில்லை, போகும் எண்ணமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே குழியை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங், ஷாக் முதலான பாகங்களைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி, டிராக்கில் இரண்டு வினாடி குறைக்க நினைப்பவருக்கானது.

என் காரில் இருந்த தொல்லைகள் மூன்று. மேடேறி இறங்கிய பிறகும் கார் ஒன்றிரண்டு முறை ஆடிவிட்டுத்தான் அடங்கியது. வளைவின் நடுவில் சின்னக் குழி வந்தால் பின்பக்கம் அரையடி தள்ளி வைத்ததுபோல நகர்ந்தது. பெரிய குழியில் இறங்கினால் "டொம்" என்று ஒரு சத்தம், முதுகெலும்பு வரை வந்தது. ஸ்னேக் பாஸ் இந்த மூன்றையும் ஒரே காலையில் காட்டிக்கொடுத்துவிடும். அந்த மலை நிலையாக நிற்பதே இல்லை. 2022 பிப்ரவரிப் புயல்களில் மண் சரிந்து சாலையையே சில வாரம் மூடி வைத்தார்கள். தார் அங்கங்கே அலையலையாக இறங்கியிருக்கும்.

பாகங்கள் தேடும் முன் டயரைப் பார்த்தேன். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். என் பின் டயர்களில் பள்ளங்களின் ஆழம் சரியாகவே இருந்தது, ஆனால் வயது பத்தைத் தாண்டியிருந்தது. வருடத்துக்கு இரண்டாயிரம் மைல்கூட ஓடாத கார்களில் இது சகஜம். டயர் தேயாது, காய்ந்து இறுகிவிடும். நான்கையும் மாற்றினேன். மாற்றிக் கொடுத்த கடையில் காற்றை 34 பிஎஸ்ஐ வைத்து அனுப்பினார்கள். மாஸ்டா இந்தக் காருக்குச் சொல்வது 26. ஒரு டன் கார் என்பதை மறந்து, எல்லா வண்டிக்கும் அடிப்பதை அடிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து 26க்கு இறக்கினேன். குழியில் வந்த அதிர்ச்சியில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது, ஒரு பைசா செலவில்லாமல்.

மீதி இருந்ததுதான் உண்மையான சஸ்பென்ஷன் பிரச்சினை. என் வண்டி ஸ்போர்ட் மாடல், தொழிற்சாலையிலேயே பில்ஸ்டீன் ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய்) போட்டு வந்தது. நல்ல ஷாக்தான், ஆனால் இருபது வருடம் எந்த ஷாக்கையும் தின்றுவிடும். காரின் மூலையை அழுத்திவிட்டுப் பார்க்கும் பழைய சோதனையை நான் நம்புவதில்லை. அது செத்தே போன ஷாக்கைத்தான் காட்டும், பாதி செத்ததைக் காட்டாது.

இனி எதை வாங்குவது? இங்கேதான் பல வாரங்கள் ஓடின.

முதலில் எல்லோரும் சொல்வது, ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி 30 மில்லிமீட்டர் இறக்குவது. விலை குறைவு, பார்க்கவும் அழகு. எம்எக்ஸ்-5இல் இதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்தக் காரில் சக்கரம் மேலே ஏற இருக்கும் இடமே குறைவு. முதல் தலைமுறைக் காரில் அது இன்னும் குறைவு. அதனால்தான் அந்தக் கார் வைத்திருப்பவர்கள் இரண்டாம் தலைமுறையின் மேல் மவுண்டை, அதாவது ஷாக்கின் தலையை உடலோடு பிணைக்கும் பாகத்தைத் தேடி வாங்குகிறார்கள், அது கொஞ்சம் கூடுதல் இடம் தரும். ஏற்கெனவே குறைவான அந்த இடத்தில் 30 மில்லிமீட்டரை நீங்களே எடுத்துவிட்டால், சக்கரம் சின்ன மேட்டிலேயே, மேலேறுவதைக் கடைசியாகத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டும். முட்டிய நொடியில் அந்த மூலை சட்டென்று பல மடங்கு விறைத்துப்போகும். வளைவின் நடுவில் பின்சக்கரத்தில் இது நடந்தால் பிடி விட்டுவிடும். என் கார் குழியில் பக்கவாட்டில் நகர்ந்ததற்கும் பாதிக் காரணம் இதுதான். ஓய்ந்த ஷாக், நொறுங்கிய பம்ப் ஸ்டாப். ஒன்றைக் கழற்றிப் பார்த்தபோது ரப்பர் நுரை விரலில் தூளாக உதிர்ந்தது.

இன்னொன்றும் உண்டு. இந்தக் காரில் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று விஷ்போன் என்னும் இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன; இந்த இரட்டை விஷ்போன் அமைப்பில் காரை இறக்கினால் கீழ் விஷ்போன்கள் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்கின்றன. கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். விளைவு, தாழ்ந்த கார் கூடுதலாகச் சாயப் பார்க்கும். அதை அடக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங், அப்புறம் தடித்த ஆன்டி-ரோல் பார் (இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) என்று செலவு சங்கிலியாக நீளும்.

அடுத்தது காயில்ஓவர், ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து ஒரே செட்டாக வருவது. உயரம் மாற்றலாம், திருகைத் திருப்பி முப்பது கிளிக்கில் ஷாக்கின் விறைப்பு மாற்றலாம் என்று விளம்பரம். இங்கே நான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதுதான் முடிவைத் தெளிவாக்கியது. காரின் பழைய முன் ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அழுந்த ஏறக்குறைய 3 கிலோ எடை வேண்டும். விலை குறைந்த காயில்ஓவர் பலவற்றில் 7, 8 கிலோ. எம்எக்ஸ்-5 முன் விஷ்போனில் ஸ்பிரிங்கின் நகர்வு சக்கர நகர்வில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு; அதை வர்க்கமாக்கினால், ஸ்பிரிங் விறைப்பில் பாதிக்குச் சற்று மேலேதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். ஓட்டுபவரோடு சேர்த்து முன் மூலை ஒன்று தாங்கும் எடை, சக்கரம் பிரேக்கைக் கழித்து, 250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 கிலோ ஸ்பிரிங்கில் அந்த மூலை வினாடிக்கு 1.3 முறை ஆடும். 8 கிலோ ஸ்பிரிங்கில் 2 முறையைத் தாண்டும். சாதாரணக் குடும்பக் கார் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் (வினாடிக்கு அத்தனை முறை) இருக்கும். 2 ஹெர்ட்ஸ் என்பது வழவழப்பான டிராக்குக்குப் பொருந்தும். ஸ்னேக் பாஸின் ஒட்டுப்போட்ட தாரில் டயர் தரையைத் தொடும் நேரத்தைவிடத் தொடாத நேரம்தான் அதிகமாக இருக்கும். எனக்கு வேண்டியது 1.5 சுற்று வட்டாரம். அதாவது முன்னால் நாலரை கிலோ, பின்னால் அதைவிடக் குறைவு. பின்பக்கத்தை விறைப்பாக்கினால் கார் சுறுசுறுப்பாகத் திரும்பும் என்பது உண்மை. இந்த ஊரில் வருடத்தில் பாதி நாள் ரோடு நனைந்தே கிடக்கும், அந்தச் சுறுசுறுப்பு எனக்கு வேண்டாம்.

கிளிக் எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷாக் இருவகை வேலை செய்கிறது. உடல் மெதுவாகச் சாயும்போதும் முன்னால் குனியும்போதும் பிஸ்டன் மெதுவாக நகர்கிறது. குழியில் சக்கரம் விழும்போது அதிவேகமாக நகர்கிறது. பெரும்பாலான மலிவு காயில்ஓவரில் கிளிக் திருப்பினால் திறந்து மூடுவது ஒரு சின்ன எண்ணெய்த் துளை மட்டும்தான். அது மெதுவான நகர்வைத்தான் பாதிக்கும். குழியில் இடிப்பதைத் தீர்மானிக்கும் உள் வால்வு தொழிற்சாலையில் வைத்தபடியே இருக்கும். ஆகவே முப்பது கிளிக்கும் சேர்ந்தும் உங்கள் முதுகைக் காப்பாற்றாது. ஓலின்ஸ் ரோட் அண்ட் டிராக் மாதிரியான செட்டில் இதைத் தீர்த்திருக்கிறார்கள், குழியில் எண்ணெய்க்கு இன்னொரு வழி திறக்கும் வால்வு வைத்து. ஆனால் அந்த விலைக்குச் சுமாரான பழைய எம்எக்ஸ்-5 இன்னொன்றே வாங்கிவிடலாம்.

கடைசியில் இரண்டு மிஞ்சின: பில்ஸ்டீன் பி6, கோனி ஸ்போர்ட். பி6 ஒற்றைக்குழாய், உயர் அழுத்த வாயு, திருப்ப எதுவும் இல்லை. போட்டோம், மறந்தோம் என்று இருக்கலாம். கோனி ஸ்போர்டில் ரீபவுண்டை மட்டும் மாற்றலாம். ரீபவுண்ட் என்பது அழுந்திய ஸ்பிரிங் திரும்ப நீளும்போது ஷாக் கொடுக்கும் எதிர்ப்பு. ஆடும் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தும் கை. அமுக்கத்தில் மென்மையாக விட்டு ரீபவுண்டில் பிடித்துக்கொள்ளும் குணம் குழி ரோட்டுக்கு ஏற்றது என்று தோன்றியது. ஸ்பிரிங்கின் விறைப்பு கொஞ்சம் கூடப்போவதால் அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளவும் முடியும். கோனியை எடுத்தேன். கூடவே காரை 15 மில்லிமீட்டர் மட்டும் இறக்கும் ஸ்பிரிங், புதிய நுரை பம்ப் ஸ்டாப், மேல் மவுண்ட் ரப்பர்.

ஆன்டி-ரோல் பாரைத் தொடவில்லை. அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 22 மில்லிமீட்டரை 24 ஆக்கினாலே 40 சதவீதம் கூடிவிடும். ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழும்போது அது மற்ற சக்கரத்தையும் சேர்த்து இழுக்கும். ரோட்டுக்கு இருப்பதே போதும். அதன் லிங்க் இரண்டும் கடகடத்ததால் அவற்றை மட்டும் மாற்றச் சொன்னேன், விலை சொற்பம்.

வாங்கும் முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். இங்கிலாந்தில் இது முக்கியம். ஸ்பிரிங் மாற்றியதைச் சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு பாலிசியையே மறுக்க வழி கொடுத்ததாகும். முதலில் பேசிய கம்பெனி மாற்றம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே முடியாது என்றது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை எடுத்துக்கொள்ளும் இன்னொரு கம்பெனி, பட்டியலை எழுதிக்கொண்டு, சிறு தொகை கூட்டி ஒப்புக்கொண்டது.

வேலை நடந்த கதை தனி. குளிர்காலத்தில் இங்கே ரோட்டில் உப்புத் தூவுவார்கள். கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம், உள்ளே சாய்ந்தால் மைனஸ்), டோ (சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) திருத்துவதற்காக இந்தக் காரின் கீழ் விஷ்போன்களில் மையம் விலகிய போல்ட்டுகள் உண்டு. உப்பு குடித்த போல்ட், புஷ் என்னும் ரப்பர் உருளையின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒன்றாகிப் போயிருக்கும். சுத்தியல், சூடு, துருநீக்கி எண்ணெய் எல்லாம் பார்த்துவிட்டு மெக்கானிக் ரம்பத்தை எடுத்தார். "சார், ஷாக் மாத்துறது அரை நாள் வேலை. இந்த போல்ட்தான் மீதி எல்லாம்" என்றார். அவர் பஞ்சாப்காரர், பத்து வருடம் கோயம்புத்தூரில் கார் வேலை பார்த்தவர். சரளமாகத் தமிழ் பேசுவார். அறுத்த இடங்களுக்கெல்லாம் புது ரப்பர் புஷ்ஷே போட்டோம். பாலியூரித்தேன் புஷ் விறைப்பாக நிற்கும், ஆனால் கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும், ரோட்டின் சிறு அதிர்வையும் சீட்டுக்கு அனுப்பும்.

ரப்பர் புஷ் போடுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால், கார் தரைக்கு வந்ததும் ஒவ்வொரு புஷ்ஷும் முறுக்கேறியபடியே நிற்கும். கார் உயரமாகத் தெரியும், ஓட்டம் முரட்டுத்தனமாக இருக்கும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். போல்ட்டைத் தளர்வாகப் போட்டு, காரின் எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு.

அப்புறம் அலைன்மென்ட், சக்கரங்களின் கோணங்களை அளந்து திருத்துவது. இந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் கேம்பரும் டோவும் மாற்றலாம், முன்னால் காஸ்டரும் (ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) மாற்றலாம். ஒரு டன் காரில் ஓட்டுநரின் எடை பெரிய விஷயம் என்பதால், சீட்டில் என் எடைக்கு மணல் மூட்டை வைத்து அளக்கச் சொன்னேன். முன்னால் கேம்பர் மைனஸ் 1 டிகிரி, பின்னால் மைனஸ் 1.5, காஸ்டர் 5க்குப் பக்கம், முன் டோ கிட்டத்தட்ட பூஜ்யம், பின்னால் துளி உள்நோக்கி. டிராக் ஆட்கள் இதைவிட நிறைய கேம்பர் வைப்பார்கள். மோட்டார்வேயில் நேராகப் போகும் மைல்களில் அது டயரின் உள்விளிம்பைத் தின்னும்.

கோனியைத் திருத்தும் முறை எளிது. நான்கையும் முழு மென்மையில் வைத்து ஓட்டத் தொடங்கினேன். மேடு தாண்டியதும் பழைய ஆட்டம் கொஞ்சம் இருந்தது. முன்பக்கம் கால் சுற்று, இன்னும் கால் சுற்று. முன் ஷாக்கின் தலை பானெட்டுக்குள் இருக்கிறது, பின் ஷாக்குக்கு டிக்கியின் உள் அட்டையைக் கழற்ற வேண்டும். சாலையோர நிறுத்தத்திலேயே செய்துவிடலாம். அளவு தாண்டித் திருப்பினால் வேறு சிக்கல் வரும். அடுத்தடுத்து மேடு வரும்போது ஸ்பிரிங் முழுசாக நீள நேரம் கிடைக்காமல், கார் ஒவ்வொரு மேட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அமர்ந்துகொண்டே போய் மறுபடியும் பம்ப் ஸ்டாப்பில் முட்டும். கால் கால் சுற்றாக ஏற்றி, ஆட்டம் ஒரே வீச்சில் அடங்கிய இடத்தில் நிறுத்தினேன். பின்பக்கம் கால் சுற்றுக்கு மேல் தேவைப்படவில்லை.

இப்போது கார் எப்படி இருக்கிறது? முன்பைவிட விறைப்பு, ஆனால் முன்பைவிட வசதி. மனைவிக்கு இந்தக் காரில் ஏறவே பிடிக்காது; அவளே "இப்பத்தான் உட்கார முடியுது" என்றாள். வளைவில் குழி வந்தால் சத்தம் கேட்கிறது, ஸ்டீயரிங்கில் ஒரு சின்னத் தட்டு, அவ்வளவுதான். பின்பக்கம் தன் கோட்டை விடுவதில்லை. உடல் சாய்வு பழையபடியே கொஞ்சம் இருக்கிறது. அது எனக்குப் பிடித்தமானது. சாலையின் வேக எல்லைக்குள், கேட் அண்ட் ஃபிடிலில் கேமரா காவலோடு ஐம்பது மைலுக்குள், கார் என்ன செய்கிறது என்று தெரிய அந்தச் சாய்வு உதவுகிறது.

கூலியும் அலைன்மென்டும் சேர்ந்து பாகங்களின் விலையைத் தாண்டின. யாராவது கணக்குப் போடுவதானால் அந்த போல்ட்டுகளை முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். புது ஸ்பிரிங் ஓடி அமர்ந்ததில் சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று வருடாவருடம் பார்க்கும் எம்ஓடி சோதனைக்கு அடுத்து போகும்போது அலைன்மென்டை மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறேன்; போல்ட்டுகளுக்கு இந்தத் தடவை காப்பர் கிரீஸ் தடவியிருப்பதால் ரம்பம் தேவைப்படாது.