எலுமிச்சைக் குழலூதிகளும் ஒரு பச்சை டாம்பரீனும்

சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த அல்லிக்குளம் வளாகத்தில் பழைய இசைத்தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அறுபதுகளின் ஆங்கிலப் பாடல்களைத் திரட்டிய ஒரு தொகுப்புத் தட்டு கிடைத்தது. அதிலிருந்த பெரும்பாலான பாடல்கள் எனக்கு முன்பே பழக்கமானவை. லெமன் பைப்பர்ஸ் என்னும் அமெரிக்கக் குழுவின் ‘கிரீன் டாம்பரீன்’ (டாம்பரீன் என்பது நம் கஞ்சிரா போன்ற கைத்தாளக் கருவி) மட்டும் நான் கேள்விப்பட்டே இராதது. 1968 பிப்ரவரியில் அது அமெரிக்கப் பத்திரிகையான பில்போர்டின் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தையே பிடித்த பாட்டு என்று பின்னர் அறிந்தபோது வியப்பாகவே இருந்தது.

என்னை முதலில் பிடித்து நிறுத்தியது அதில் ஒலிக்கும் மின்சார சித்தார். பெயர்தான் சித்தார்; வடிவத்திலும் வாசிப்பிலும் அது கிட்டார். சித்தார் பயிலாத கிட்டார் கலைஞர்களுக்கும் அந்த ஒலி வசப்பட வேண்டும் என்று நியூயார்க்கின் கிட்டார் கலைஞர் வின்னி பெல் உருவாக்க உதவிய இக்கருவி, 1967 வாக்கில் சந்தைக்கு வந்தது. தந்திகளைத் தாங்கும் குதிரை அகலமாக இருப்பதால், அதிரும் தந்தி அதன் பரப்பை மெல்ல உரசி ரீங்கரிக்கிறது. கச்சேரி தொடங்குமுன் தம்புராவின் ஜீவாளி நூலை மயிரிழையளவு நகர்த்தி நாதத்தைத் திறந்துவிடுவார்களே, அதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். சபாக்களில் அந்த ஓசையிலேயே வளர்ந்த நம் காதுக்கு இதில் மாயம் எதுவும் இல்லை. அன்றைய அமெரிக்க இளைஞர்களுக்கோ அது வேற்றுலகத்து ஒலி. அதனுடன், ‘ப்ளே’ என்று பாடகர் இழுக்கும் ஒற்றைச் சொல்லை எதிரொலியால் சிதறடித்ததும் சைக்கடெலிக் எனப்படும் போதைக்கனவு போன்ற மயக்கம் முழுமையாகிவிட்டது.

இவ்வளவு ஒப்பனைக்குள்ளும் பாட்டின் பொருள் மிக எளியது: தெருவோரக் கலைஞன் ஒருவன், காசு போட்டால் வாசிக்கிறேன் என்கிறான். தெருக்கலைஞர் ஒருவரால் தூண்டப்பட்டு ஷெல்லி பின்ஸ் வரிகளை எழுத, பால் லேக்கா இசையமைத்துத் தயாரித்தார். ஒஹையோ மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் கல்லூரி நகரத்திலிருந்து வந்த குழுவினருக்கு இந்தப் பாட்டே பிடிக்கவில்லை. புத்தா ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் வற்புறுத்தலுக்காகத்தான் ஒலிப்பதிவுக்கு இசைந்தார்கள். அந்நிறுவனத்திற்கு முதன்முதலாக முதலிடம் பெற்றுத் தந்ததும் இதுவே.

தாமே எழுதிப் பாடாத குழு என்பதாலேயே ராக் விமர்சகர்கள் பலர் இதைப் ‘பப்பிள்கம்’, அதாவது மென்று துப்பும் மிட்டாய் போன்ற மலிவான இசை, என்று ஒதுக்கினார்கள். இந்த வாதம் எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை. கண்ணதாசன் எழுத, எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டமைக்க, டி.எம். சௌந்தரராஜன் பாட, திரையில் சிவாஜி வாயசைத்த பாடல்களில் எதை நாம் போலி என்று தள்ளினோம்? பலர் கூடிச் செய்த பாட்டில் உணர்ச்சி இருக்காது என்று தமிழ்த் திரையிசை கேட்டவர் எவரும் சொல்லமாட்டார்.

குழுவினர் தம் விருப்பப்படி செய்த இசை எப்படி இருந்தது என்றும் தேடிக் கேட்டேன். ‘கிரீன் டாம்பரீன்’ இடம்பெற்ற அவர்களுடைய ஆல்பத்தின் இறுதியில், கிட்டார் கலைஞர் பில் பார்ட்லெட் எழுதிய ‘த்ரூ வித் யூ’ ஏறத்தாழ ஒன்பது நிமிடம் நீள்கிறது. கிட்டார் வாசிப்பு உண்மையிலேயே தேர்ந்தது. ஆனால் பாட்டு முடிந்ததும் மெட்டை முணுமுணுக்க முயன்றால் எனக்கு ஓர் அடிகூட நினைவுக்கு வரவில்லை.