முன்னிருக்கைத் தரையில் ஒரு நீலக் கறை

முன்னிருக்கையின் தரைப்பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கறை. 100எல்எல் விமானப் பெட்ரோலுக்குத்தான் அந்தச் சாயம். மோந்து பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

என்னுடையது பீட்டன்போல் ஏர் கேம்பர். மினசோட்டாவின் செர்ரி குரோவில் பெர்னார்ட் பீட்டன்போல் 1920களின் இறுதியில் வடிவமைத்த மர விமானம். ஃபோர்டு மாடல் ஏ கார் இஞ்சினையே வைத்துப் பறக்கவிட்டவர் அவர். வேறொருவர் தன் கொட்டகையில் கட்டியதை நான் விலைக்கு வாங்கினேன். அமெரிக்காவில் இப்படித் தனியார் தாமே கட்டிய விமானத்தை உரிமையாளரே பழுதுபார்க்கலாம். என்னைப்போல் வாங்கியவர்களுக்கு, ஆண்டுச் சோதனைக்குத்தான் உரிமம் பெற்ற மெக்கானிக் வேண்டும்.

பெட்ரோலை வடித்து, கருவிப் பலகையைக் கழற்றி, மூக்குப் பகுதியிலிருந்து தொட்டியை வெளியே எடுக்க இரண்டு நாள் ஆனது. கவிழ்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. குறுக்குச் சட்டத்தின் கூரான விளிம்பு அழுத்திய இடத்தில், வெல்டிங்கை ஒட்டியே மயிரிழை விரிசல். இடையில் வைத்திருந்த ஃபெல்ட் துணி நைந்து, ஈரம் குடித்து, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பழைய தொட்டியை வெல்டிங் செய்தால் போதாதா என்று நண்பர் கேட்டார். காலியான தொட்டியிலும் பெட்ரோல் ஆவி இருக்கும்; அதன்மேல் நெருப்பைக் காட்ட எனக்குத் துணிவில்லை. மேலும், அதே விளிம்பில் புதுத் தொட்டியை வைத்தாலும் அதே இடத்தில்தான் விரியும்.

அதனால் 5052 என்ற அலுமினியக் கலவையில் புதுத் தொட்டி. உள்ளே பெட்ரோல் அலம்பாமல் இருக்கத் தடுப்புத் தகடுகள், பெட்ரோல் வெளியேறும் வாய்க்குழாயில் வலைவடி. கசிவைச் சோதிக்க கம்ப்ரெஸரை நேராக இணைக்கக் கூடாது. தட்டையான பக்கங்கள் உப்பிவிடும். தண்ணீர் நிரப்பிய யு வடிவக் குழாயை இணைத்து, 70 செ.மீ. நீர்மட்ட வேறுபாடு, அதாவது ஒரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தம், வரும்வரை வாயாலும் பம்பாலும் ஊதினேன். சோப்பு நீரில் ஓர் ஊசித்துளை அகப்பட்டது. அதை அடைத்து மறுபடி ஊதி வைத்தால், இரவில் மட்டம் பாதியாகியிருந்தது. அரை மணி நேரம் துளை தேடிக் களைத்த பிறகே உறைத்தது: வெயில் போய் 10 டிகிரி குளிர்ந்திருந்தது. மூடிய தொட்டியில் காற்று குளிர்ந்தால் அழுத்தம் அவ்வளவு குறையும். காலையில் வெயில் ஏறியதும் மட்டமும் ஏறியது.

உண்மையான வேலை தாங்கிகளில்தான். 15 கேலன் பெட்ரோல் 41 கிலோ. விபத்தில் முன்னோக்கி எடையைப்போல் 9 மடங்கு விசை வந்தால், அது 369 கிலோ எடைக்குச் சமம். சட்டங்களின்மேல் அகலமான ஒட்டுப்பலகைத் தாங்கிகளை ஒட்டி, விளிம்புகளை உருட்டி, ஈரம் குடிக்காத ரப்பர் கலந்த கார்க் பட்டையைப் போட்டேன். மேலே ரப்பர் உறையிட்ட துருப்பிடிக்காத பட்டைகள். முன்னால் நகராதபடி தனியாக ஒரு தடுப்புச் சட்டம். தொட்டிக்கும் விறைத்த குழாய்க்கும் நடுவே வளையும் குழாய்; முன்பு அது இல்லை, அதிர்வு முழுவதும் வாய்க்குழாயின் வெல்டிங்கில் இறங்கியிருக்கும்.

பட்டைகளை வெறும் தொட்டியில் இறுக்கிவிட்டு நிம்மதியாக இருந்தேன். பெட்ரோல் நிரப்பியதும் தளர்ந்திருந்தன. மறுபடி இறுக்கி, மூக்கை ஏறுகோணத்துக்குத் தூக்கி வைத்து, புவியீர்ப்பில் வரும் ஓட்டம் இஞ்சின் புறப்பாட்டில் குடிப்பதைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கிறதா என்று அளந்தேன். இருந்தது.

தொட்டிக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணியைக் குத்தி வைத்திருக்கிறேன். 10 மணி நேரம் பறந்தாகிவிட்டது. துணியில் இஞ்சின் எண்ணெய் மட்டும் படிந்திருக்கிறது.