ஜாக் டன்னியின் ஊரில்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் கேபிள் டிவி வந்த காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஜாக் டன்னியைத் தெரிந்திருக்கும். டபிள்யூ டபிள்யூ எஃப் என்ற மல்யுத்த நிகழ்ச்சியில் கோட் போட்டுக்கொண்டு வந்து, யாருக்குத் தண்டனை, யாருக்கு மறுபோட்டி என்று அறிவிக்கும் ‘பிரசிடென்ட்’. எங்கள் தெருவில் கார்டு விளையாடும்போது சண்டை வந்தால், வயதில் மூத்த பையன்தான் டன்னி. அவன் சொன்னால் சொன்னதுதான்.

அந்த டன்னி கனடாவின் டொராண்டோக்காரர் என்பதே இங்கே குடிவந்த பிறகுதான் தெரிந்தது. அதுவும் மளிகைக் கடையில். கார்ல்டன் தெருவும் சர்ச் தெருவும் சேரும் முனையில் இருக்கும் லாப்லாஸ் கடையில், 25-ஆம் வரிசைத் தரையில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கிறது. கடை இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் விளையாட்டரங்கம். அந்த அரங்கின் நட்டநடுப் புள்ளி அது.

1931-இல், வேலையில்லாமல் ஜனங்கள் தவித்த மந்த காலத்தில், ஐந்தே மாதத்தில் எழுப்பிய கட்டடம். தொழிலாளர்கள் கூலியில் ஒரு பங்கைப் பங்குப் பத்திரமாக வாங்கிக்கொண்டு கட்டினார்கள். நவம்பர் 12-ஆம் தேதி ஐஸ் ஹாக்கியோடு திறந்தார்கள். ஒரே வாரத்தில் மல்யுத்தம். கிரேக்கத்திலிருந்து வந்த ஜிம் லாண்டோஸ் மோதியதைப் பார்க்க 15,000 பேருக்கு மேல் கூடினார்கள். 1939-இல் டன்னி சகோதரர்கள் கைக்கு வந்த, மல்யுத்தப் போட்டி நடத்தும் தொழிலை ஃபிராங்க் டன்னி 1983-இல் இறக்கும்வரை நடத்தினார். ஜாக் அவருடைய சகோதரர் மகன்.

என்னை இந்தக் கதையில் கட்டிப்போட்டது ஒன்றுதான். வந்தேறிகளுக்கு அந்த அரங்கில் ஒரு ராத்திரி இருந்தது. இத்தாலியில் பிறந்த புரூனோ சம்மார்ட்டினோ 1962-இல் இங்கே வந்தபோது இத்தாலிய மக்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அப்புறம் நம் பஞ்சாபிலிருந்து வந்த டைகர் ஜீத் சிங். எழுபதுகளின் தொடக்கத்தில் நெருப்பை வீசும் ‘ஷேக்’ என்ற மல்யுத்த வீரருடன் அவர் மோதிய இரவுகளில் அரங்கம் நிரம்பி வழிந்தது.

என்னோடு வேலை பார்த்த பஞ்சாபிப் பெரியவர் ஒருவர் அதை நேரில் பார்த்தவர். “ஆறு நாளும் ஃபாக்டரியில் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்வோம், பேட்டா. தலைப்பாகையோடு தெருவில் நடந்தால் முறைப்பார்கள். அந்த ராத்திரி மட்டும் தலைப்பாகை கட்டியவனுக்காக ஊரே எழுந்து கத்தும்” என்றார். சொல்லும்போதே வலது கை தானாக முஷ்டி பிடித்தது. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் நானும் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் கிடந்தவன். அவர் சொன்னது அப்படியே நெஞ்சில் தைத்தது. இன்று டொராண்டோ பக்கத்தில் மில்டனில் ஒரு பொதுப்பள்ளிக்கே டைகர் ஜீத் சிங் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஊரிலிருக்கும் அண்ணனிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். “டேய், டன்னி ஊர்லயாடா இருக்க? அந்த வட்டத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு” என்றார். அனுப்பினேன். பழைய கார்டு கூட்டாளிகள் எல்லாருக்கும் காட்டிவிட்டார்.

1995-இல் கடைசி மல்யுத்தம், 1999-இல் லீஃப்ஸ் ஹாக்கி அணியின் கடைசி ஆட்டம், 2011-இல் மளிகைக் கடை. கட்டடத்தை இடிக்காமல் விட்டதே பெரிய விஷயம். டொராண்டோ மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகத்தில் படிக்க வரும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் காலேஜ் சப்வே நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால் போதும். கடைக்கு மேலே இருக்கும் ஐஸ் அரங்கம் உங்கள் பல்கலைக்கழகத்துடையதுதான்.