முதல் வரியில் காற்று

டிசம்பர் தொடங்கி மார்ச் முடியும்வரை என் வேலை விடியற்காலை 5 மணிக்குத் தொடங்குகிறது. கோலாலம்பூரில் 5 என்றால் ஜப்பானில் 6. ஹொக்கைடோ தீவின் பனிச்சறுக்குத் தலமான நிசெகோவில் தங்கியிருக்கும் எங்கள் பயண நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பசியாற இறங்குவதற்குள் அன்றைய மலைக்குறிப்பு அவர்கள் வாட்ஸ்அப்பில் இருக்க வேண்டும். இரவு எவ்வளவு பனி விழுந்தது, காற்று எந்தத் திசையிலிருந்து என்ன வேகத்தில் வீசுகிறது, சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றும் லிப்டுகளில் எது ஓடும், எது நிற்கும். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. கிள்ளான், ஈப்போ, சிரம்பான் என்று பல ஊர்களிலிருந்து குடும்பமாகப் போகிறவர்கள். பெரும்பாலானோருக்கு அதுதான் வாழ்க்கையில் பார்க்கும் முதல் பனி.

எல்லோரும் முதலில் தேடுவது சென்டிமீட்டர் கணக்கைத்தான். 30 செ.மீ. என்று பார்த்தால் போதும், குழுவில் இதயக்குறிகள் குவியும். அந்த மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனால் மலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதைப் பனியின் அளவைவிடக் காற்றுதான் முடிவு செய்கிறது. ஆகவே என் குறிப்பின் முதல் வரியில் காற்று இருக்கும். பனி அதற்கு அடுத்த வரி.

பனியின் அளவு நேர்மையான எண்தான், கேட்கத் தெரிந்தவருக்கு. காற்று அதிகம் அடிக்காத ஓர் இடத்தில் பலகை வைத்து, அதில் சேர்ந்ததை அளந்து, துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள். அதுதான் 24 மணி நேரப் புதுப்பனி. தரையிலிருந்து மொத்த ஆழத்தைக் காட்டும் கோல் வேறு. ஒரு கல்லூரி மாணவர் ஒருமுறை கேட்டார்: "அண்ணே, நேத்து 30 விழுந்துச்சுன்னு போட்டீங்க. மொத்த ஆழம் 12தானே ஏறியிருக்கு. மிச்சம் எங்க போச்சு?" நல்ல கேள்வி. புதுப்பனியில் பெரும்பங்கு வெறும் இடைவெளி. படிகங்களின் நுண்ணிய கிளைகள் ஒடிந்து, மேலே விழுவதன் கனத்தில் அடிப்பனியும் அமுங்கி, ஒரு துளிகூட உருகாமலே ஆழம் குறையும். இன்னொரு பகுதியைக் காற்று அள்ளிக்கொண்டு போய் வேறு சரிவில் கொட்டியிருக்கும். எங்கே கொட்டியது என்பதுதான் அதைவிட முக்கியமான கேள்வி. அதைப் பிறகு சொல்கிறேன்.

நிசெகோ அன்னுப்புரி மலையின் உயரம் 1,308 மீட்டர். நம் கினாபாலு 4,095 மீட்டர். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத மலையில் இவ்வளவு பனி கொட்டுவதற்குக் காரணம் சைபீரியா. குளிர்காலத்தில் அங்கே கனத்த குளிர்காற்று தேங்கி உயர் அழுத்தமாக நிற்கிறது. அங்கிருந்து கிளம்பும் வடமேற்குக் காற்று, தன்னைவிடச் சூடான ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. ஹொக்கைடோவின் மலைகளில் ஏறும்போது அதைப் பனியாக உதிர்க்கிறது. பனியைக் கொண்டுவருவதும் லிப்டை நிறுத்துவதும் பெரும்பாலும் ஒரே காற்று. பெரிய எண் வந்த காலையில் உச்சி மூடியிருந்தால் அதில் முரண் எதுவும் இல்லை.

இதைப் படித்து அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. அதே சைபீரிய உயர் அழுத்தத்திலிருந்து தெற்கே பாயும் குளிர்காற்று தென்சீனக் கடலைத் தாண்டி வடகிழக்குப் பருவக்காற்றாக நம் கிழக்குக் கரையை அடைகிறது. கிளந்தானிலும் திரங்கானுவிலும் வருடக் கடைசியில் வெள்ளம் வருவதற்கு அந்தக் காற்றின் எழுச்சிகள் ஒரு முக்கியக் காரணம். என் மேசையில் ஒரு திரையில் நிசெகோவின் காற்று, இன்னொன்றில் நம் வானிலை ஆய்வுத் துறையின் மழை எச்சரிக்கை. இரண்டும் அந்நியமான செய்திகள் அல்ல. கோத்தா பாருவில் அம்மா அப்பாவை விட்டுவிட்டு நிசெகோவுக்குப் போன ஒருவர் இரண்டையும் கேட்டுத்தான் அன்றைய நாளைத் தொடங்குவார். இரண்டையும் சேர்த்தே அவருக்கு அனுப்புவேன்.

காற்றின் வேகத்தை ஜப்பானியர் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். 20 என்று பார்த்தால் நம் ஆட்களுக்கு இதமான தென்றல் போலத் தோன்றும். மணிக்கு அது 72 கிலோமீட்டர். ஆகவே எப்போதும் மாற்றித்தான் எழுதுகிறேன். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது. மணிக்கு 30 கி.மீ. காற்றில் லேசாக ஆடும் லிப்ட் நாற்காலி, 60இல் லேசாக ஆடாது. மைனஸ் 10 பாகையில் மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். பிள்ளைகளின் காதும் மூக்கும் கன்னமும்தான் முதலில் பாதிக்கப்படும். தோல் வெளுத்து மரத்துப்போனால் உடனே உள்ளே அழைத்து வாருங்கள், பனியால் தேய்க்காதீர்கள் என்று குளிர் கடுமையான நாள்களில் தனி வரியாகப் போடுவேன்.

கிள்ளானிலிருந்து போன ஓர் அங்கிள் ஒரு காலையில் கோபமாக அழைத்தார். "தம்பி, ஹோட்டல் வாசல்ல நிக்கிறேன். ஒரு கிளைகூட அசையல. மேல லிப்ட் நிக்கும்னு எழுதியிருக்க. நீ கேஎல்ல உட்காந்துக்கிட்டு எப்படிச் சொல்ற?" கேட்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. பேரப்பிள்ளைகளோடு பெருந்தொகை செலவழித்துப் போனவர். "அங்கிள், கோம்பாக்ல வெயில் அடிக்கும், கெந்திங் மேல ஏறினா மூடுபனி, குளிரு, காத்து. நீங்க நிக்கிறது கோம்பாக். உச்சி உங்களுக்கு மேல ஏறக்குறைய 1,000 மீட்டர். இது நானா சொல்றது இல்ல, மலையில இருக்கிறவங்க அளந்து சொன்னது. கீழ் லிப்ட் ஓடுது, மரங்களுக்கு நடுவுல காத்து கம்மி, பிள்ளைங்களுக்கு அதுதான் நல்லது" என்றேன். சற்று அமைதிக்குப் பிறகு, "சரிப்பா, எந்த லிப்ட்டுன்னு பேரைச் சொல்லு" என்றார்.

கோலாலம்பூரில் இருந்துகொண்டு மலையைப் பற்றி எழுதுகிறவன் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதில் நான் கறாராக இருக்கிறேன். அளந்தது வேறு, கணித்தது வேறு, முடிவெடுத்தது வேறு. "5 மணிக்கு உச்சியில் அளந்த காற்று" என்பது ஒன்று. "மதியத்துக்குள் தணியலாம்" என்பது இன்னொன்று. "லிப்ட் மூடப்பட்டது" என்பது மலைக் காவலர்களின் முடிவு. அதில் என் ஊகத்துக்கு இடமில்லை. இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதப்பட்ட குறிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆபத்தானது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் விற்பனைப் பிரிவினர் பனியின் எண்ணைப் பெரிதாகப் போட்டு, காற்றைக் கடைசி வரிக்குத் தள்ளச் சொன்னார்கள். அங்கே என் பக்கத்து மேசையில் இருந்த அக்கா மறுத்துவிட்டார். "கடைசி வரிய யாரு படிக்கிறா? பிள்ள குட்டியோட போறாங்க" என்றார். அவர் வேலை மாறியபோது நானும் அவரோடு வந்தேன்.

இனி, அள்ளிக்கொண்டு போன பனி. வடமேற்குக் காற்று வீசினால் காற்றுக்கு முதுகு காட்டும் தென்கிழக்குச் சரிவுகளில் பனி குவிகிறது. வானத்திலிருந்து விழும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் காற்று பனியைக் குவிக்க வல்லது. அப்படிக் குவிந்தது இறுகிப் பலகைபோல் ஆகும். கீழே பலவீனமான அடுக்கு இருந்தால் ஒருவர் ஏறி நின்றாலே முழுப் பலகையும் பிளந்து சரியும். இவ்வகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளில்தான் நடக்கின்றன. சறுக்குகிறவர்கள் ஆசைப்படுவதும் அதே சரிவுகளுக்குத்தான். புதுப்பனி எதுவும் விழாமல் வெயில் அடிக்கும் காலையிலும், முந்தைய இரவின் காற்றால் இந்த ஆபத்து இருக்கலாம்.

நிசெகோவில் இதற்கான விதிகள் தெளிவானவை. எல்லைக் கயிற்றுக்கு அடியில் நுழையக்கூடாது. எல்லைக்கு வெளியே போவதென்றால் அதற்கென்று உள்ள வாசல்கள் வழியாகத்தான். வாசல் மூடியிருந்தால் போகக்கூடாது. மீறினால் லிப்ட் அனுமதியைப் பறித்துவிடுவார்கள். காலைதோறும் பனிச்சரிவுத் தகவலும் வெளியாகிறது. நம் ஆட்களில் வாசலுக்கு வெளியே போகிறவர்கள் குறைவு. ஆனால் நன்றாகச் சறுக்கக் கற்றுக்கொண்ட இளைஞர்கள் கூடிவருகிறார்கள். அவர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: பனிச்சரிவு அபாயத்தின் ஐந்து நிலைகளில் மூன்றாவது என்பது நடுவில் இருப்பதால் மிதமானது என்று அர்த்தமில்லை. ஐரோப்பிய மலைகளில் உயிரிழப்புகளின் பெரும்பங்கு நிகழ்வது அந்த மூன்றாம் நிலையில்தான். நான்கிலும் ஐந்திலும் ஆட்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

ஒரு பிப்ரவரியில் நிறுவனம் என்னையும் அனுப்பியது. உச்சிக்கு அருகே இறங்கியபோது தரையும் வானமும் ஒரே வெண்மையாகி, எனக்கு முன்னால் சரிவு இறங்குகிறதா ஏறுகிறதா என்று தெரியவில்லை. அருகில் இருந்த ஒரு காவலர் கையுறையைக் கழற்றி, வாசல் பலகையில் ஒட்டிய உறைபனியைத் தட்டிவிட்டு, எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பயணத்துக்குப் பிறகு, வெளிச்சம் எப்படி இருக்கும் என்பதையும் குறிப்பில் சேர்த்தேன். மூடுபனியும் தட்டையான வெளிச்சமும் புதியவர்களைக் கீழே தள்ளுவதில் காற்றுக்குக் குறைந்தவை அல்ல.

ஜூனில் வேலை தெற்கே மாறும்: நியூசிலாந்தில் குவீன்ஸ்டவுன், ஆஸ்திரேலியாவில் திரெட்போ. நியூசிலாந்தில் காலை 6 மணி என்றால் நமக்கு இரவு 2 மணி. அக்காவும் நானும் அந்தப் பருவத்துக்கான குறிப்பின் படிவத்தை இப்போது தயார் செய்துகொண்டிருக்கிறோம். குவீன்ஸ்டவுனில் ஊரிலிருந்து பனிமைதானத்துக்கு மலைச்சாலையில்தான் ஏற வேண்டும்; உறைபனி நாள்களில் டயருக்குச் சங்கிலி கட்டாயம். வாடகை வேன் எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு ஏறுகிறவர்களுக்காக அங்கே காற்றுக்கும் முன்னால் சாலையின் நிலையை எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.