மூன்றாவது பத்தி என் பத்தி

எதிர்வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வாசற்படியில் வைத்திருக்கும் பூசணிக்காய்மேல் முதல் உறைபனி படியும்வரை அந்தப் பாட்டை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. படிந்த அன்று மாலை, வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் சொல்லியே தீரவேண்டும். செல்போனில் வரும் வானிலை அறிவிப்பெல்லாம் அங்கே செல்லாது. காற்றின் வெப்பம் 36 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது உறைநிலைக்கு நாலு டிகிரி மேலே, என்று போன் காட்டுகிற விடியலிலும் தரையை ஒட்டிய புல் உறைந்துபோயிருக்கும். அதனால் பெரியவர் விடிந்ததும் வெளியே வந்து, குனிந்து, பூசணியின் மேல்தோலை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். நகத்தில் வெள்ளை ஒட்டினால் அன்றைக்குத்தான் நாள். உடனே எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், இண்டியானாபொலிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில். அந்த வெள்ளை பெரும்பாலும் அக்டோபர் பாதிக்கு மேல்தான் இங்கே விழும். பாட்டு, ஜேம்ஸ் விட்கோம்ப் ரைலி எழுதிய ‘வென் த ஃப்ராஸ்ட் இஸ் ஆன் த பங்கின்’. கிராமத்துக்காரர் வாயில் வருகிற மாதிரியே எழுதிய பாட்டு. எழுத்துப்பிழை என்று பள்ளிக்கூடத்தில் சுழித்துவிடக்கூடிய சொற்கள் வரிக்கு இரண்டாவது இருக்கும். நாலு பத்தி, பத்திக்கு எட்டு வரி. பூசணிமேல் பனி விழுந்து, சோளத்தட்டைக் கட்டி நிறுத்தியாயிற்று என்கிற ஒரே வரியில்தான் எல்லாப் பத்தியும் வந்து முடியும். ஆளுக்கு ஒரு பத்தி. அந்தக் கடைசி வரியை மட்டும் எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். பெரியவர் அந்த இடத்தில் மேசையைத் தட்டுவார். அவருடைய அம்மா பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததாம். அங்கிருந்து இவருக்கு, இவரிடமிருந்து பிள்ளைகளுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு.

ரைலியை இந்த மாநிலத்துக்காரர்கள் ஏறக்குறைய சொந்தக்காரர் மாதிரிதான் பேசுகிறார்கள். 1849 அக்டோபர் 7 அன்று, இண்டியானாபொலிஸுக்குக் கிழக்கே இருக்கும் கிரீன்ஃபீல்டில் பிறந்தவர். ஊர்க்காரர்கள் இன்றும் அக்டோபர் தொடக்கத்தில் அவர் பெயரில் விழா எடுக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து அவர் சிலையடியில் பூ வைப்பார்கள். நகரத்தில் இருக்கும் பெரிய குழந்தைகள் மருத்துவமனைக்கும் அவர் பெயர்தான். 1916இல் அவர் இறந்தபோது உடலை மாநிலத் தலைமைச் செயலகத்தில் வைத்து, பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்துப் போனார்கள். ஒரு கவிஞனுக்கு இப்படி ஒரு மரியாதை செய்த ஊர் என்று தெரிந்ததும் இண்டியானாமேல் எனக்கு இருந்த அபிப்பிராயம் கொஞ்சம் மாறியது. அதுவரை சோளக்காட்டையும் கார்ப் பந்தயத்தையும் தவிர வேறொன்றும் கண்ணில் பட்டிருக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவர் விவசாயியே இல்லை. வக்கீல் வீட்டுப் பிள்ளை. இளவயதில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். 1882இல் ‘இண்டியானாபொலிஸ் ஜர்னல்’ நாளிதழில் இந்தப் பாட்டு வந்தபோது, பூன் மாவட்டத்து பெஞ்சமின் எஃப். ஜான்சன் என்று ஒரு படிக்காத விவசாயியின் பெயரைப் போட்டுக்கொண்டார். பிற்பாடு ஊர் ஊராக மேடையேறிப் பாட்டுச் சொல்லியே பெரும் பேர் வாங்கினார். கண்ணால் படித்தால் இந்தப் பாட்டில் பெரிதாக ஒன்றும் இல்லாதது போலத் தோன்றும். வாயில் போட்டுச் சொல்லும்போதுதான் அது ஓடத் தொடங்கும்.

நாங்கள் வந்த முதல் இலையுதிர்காலத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. சிவப்பு மேப்பிள் மரத்தடியில் நின்று படமெடுத்து ஊருக்கு அனுப்பினோம், வாஸ்தவம். அதற்கப்புறம் அந்த இலையை அள்ளுவது யார்? காகிதப் பையில் அடைத்துத் தெருவோரம் வைத்துவிட்டுத் திரும்பினால் புல்வெளியில் மறுபடி அதே அளவு கிடக்கும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தார்கள். மறுநாள் ஆபீஸ் விட்டு வெளியே வந்தால் ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. குடியேற வருகிறவர்களுக்கு கிரெடிட் ஸ்கோர், டிரைவிங் லைசென்ஸ், பனிக்கு ஏற்ற டயர் என்று ஆயிரம் அறிவுரை சொல்ல ஆளிருக்கிறது. ஆறு மணி இருட்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நம் வீடுகளில் இந்தப் பருவத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அப்பா அம்மாக்கள் விசிட்டர் விசாவில் மே மாதம் வாக்கில் வருவார்கள். ஆறு மாதம் முடிகிறபோது, பனிப்பொழிவுக்குமுன் பெட்டி கட்டிவிடுவார்கள். ஆக, இலை உதிர்வதும் விமான நிலையத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் ஒரே மாதத்தில் வந்துவிடும். கறிவேப்பிலைச் செடியை உள்ளே தூக்கிவைப்பதும் அப்போதுதான். வெளியே ஒரு இரவு மறந்துவிட்டால் மறுநாள் காலை இலையெல்லாம் கருத்துத் தொங்கும். எதிர்வீட்டார் பூசணிக்காகப் பார்த்திருந்த அதே பனிக்கு நாங்கள் கறிவேப்பிலைக்காகப் பயந்துகொண்டிருந்தோம். செடியைத் தொட்டியோடு நான் தூக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் பெரியவர் முதன்முதலில் பேச்சுக் கொடுத்தார். பேச்சு பாட்டில் போய் முடிந்து, மாலை எல்லோரும் வரவேண்டும் என்று அழைப்பாகிவிட்டது.

அம்மா அந்த ஆண்டு அக்டோபர் கடைசிவரை இருந்தார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து பாட்டு ஆரம்பமானது. எங்களுக்குப் பாதி புரியவில்லை. முதல் பத்தியில் கின்னிக்கோழி கத்துகிறது, வான்கோழி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறது, சேவல் வேலிமேல் ஏறி நிற்கிறது. எதிர்வீட்டுப் பேரன் வான்கோழி வரியில் எழுந்து, கைகளை விரித்து, உறுமிக்கொண்டே மேசையைச் சுற்றி வந்தான். அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சிரித்து முடித்து, என் மகளிடம், “எனக்கும் வான்கோழிப் பாட்டு ஒண்ணு தெரியும் கண்ணு” என்றார். மகள் அதை ஆங்கிலத்தில் சொல்லிவைக்க, எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். கொஞ்சமும் கூச்சப்படாமல், மூதுரையை அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூட ராகத்தில் எடுத்துவிட்டார்:

கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி
தானும் அதுவாகப் பாவித்துத் – தானும்தன்
பொல்லாச் சிறகைவிரித் தாடினாற் போலுமே
கல்லாதான் கற்ற கவி.

அதற்குப் பொருள் சொல்லவேண்டிய வேலை என் தலையில் விழுந்தது. கல்லாதவன் கவி சொல்வது, மயிலைப் பார்த்து வான்கோழி ஆடுவது போல. சொல்லச் சொல்லப் பெரியவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. ரைலி போட்டதே கல்லாதவன் வேடம்தானே, இதை அவர் கேட்டிருந்தால் தன் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போட்டுக்கொண்டிருப்பார் என்றார். ஔவையார் திட்டியதைப் பாராட்டாக எடுத்துக்கொண்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும்.

அன்றைக்கு மூன்றாவது பத்தி சொன்னவர் பெரியவர்தான். மக்காச்சோளக் கதிரின் சலசலப்பு, காய்ந்த தாள் ஒன்றோடொன்று உரசுவது, அறுத்த காட்டில் மிச்சம் நிற்கும் கட்டைகள், பட்டறையில் கிடக்கும் அறுப்பு எந்திரம், கீழே குதிரை, அதன் தலைக்குமேல் பரணில் தீவனம். சோளத்தட்டைக் கட்டி நிறுத்துவது என்றால் என்ன என்று அவர் விளக்க ஆரம்பித்தார். விளக்கமே வேண்டியிருக்கவில்லை. தாராபுரம் பக்கம் எங்கள் காட்டில் அறுத்த சோளத்தட்டைக் கட்டுகளாகக் கட்டி, நாலைந்து கட்டுகளை ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிறுத்தித்தான் காயவிடுவோம். காய்ந்ததும் போர். கட்டு கட்டும்போது தட்டின் தோகை முழங்கையைக் கீறும், குளிக்கையில் எரியும். அதைச் சொன்னேன். பெரியவர் சட்டைக் கையை மேலே இழுத்துத் தன் முழங்கையைக் காட்டினார், அங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும். இப்போது இங்கே எல்லாம் எந்திர அறுவடை; காட்டிலேயே மணியைப் பிரித்து, தாளைத் துண்டுதுண்டாக்கிப் போட்டுவிடும். பழைய முறையிலேயே வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் இருக்கும் ஷிப்ஷெவானாப் பக்கம் போனால் கட்டி நிறுத்திய தட்டை இன்னும் பார்க்கலாம். மற்றபடி, கடையில் விற்கும் அலங்காரக் கட்டை வாங்கி வாசல் தூணில் கட்டிக்கொள்வதுதான். அவருடைய பேரப்பிள்ளைகளில் ஒருவரும் அதை வயலில் கண்டதில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் கட்டு கட்டிய கை அவருடையதும் என்னுடையதும் மட்டும்தான்.

அடுத்த ஆண்டு கதவைத் தட்டியபோது, மூன்றாவது பத்தியை நீதான் சொல்லவேண்டும் என்றார். ஆபீஸ் மீட்டிங்குகளில் நாலு பேர் முன்னால் பேசுகையில் என் உச்சரிப்பு எனக்கே காதில் உறுத்தும். இந்தப் பாட்டில் அந்தத் தொல்லை இல்லை. எழுதினவரே சொல்லை உடைத்துத்தான் எழுதியிருக்கிறார். என் கொங்கு நாக்கில் இன்னும் கொஞ்சம் உடைந்தால் யாருக்கு நஷ்டம்? கார் ஓட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தேன். இந்த ஊரில் வீடு வாங்கினது, வரி கட்டினது எல்லாம் சேர்ந்தும் வராத ஒரு உரிமை, அந்த எட்டு வரியைச் சொல்லி முடித்து எல்லோரும் சேர்ந்து கடைசி வரியைப் பிடித்தபோது வந்தது.

மகள்தான் ஒரு நாள் கேட்டாள், குளிருக்கு நம்மிடம் பாட்டு இல்லையா என்று. இருக்கிறது, ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிர்காலத்துக்கென்றே நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, 188 அடி. முதல் பன்னிரண்டு அடியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அங்கே மழைக்கு ஆற்றாத கோவலர்கள் மாட்டை வேறு நிலத்துக்கு ஓட்டிப்போய், ‘புலம்பெயர் புலம்பொடு கலங்கி’ நிற்கிறார்கள். கையில் கொள்ளிக்கட்டை வைத்திருந்தும் கன்னம் நடுங்குகிறது. மாடு மேய்ச்சலை மறக்கிறது, குரங்கு கூனிக் குறுகுகிறது, கறவை தன் கன்றையே உதைத்துத் தள்ளுகிறது. ரைலியின் குளிரில் மனிதன் உடம்பில் தெம்போடு தொப்பிகூட இல்லாமல் மாட்டுக்குத் தீனி வைக்கப் போகிறான். அவன் பரண் நிறைந்தவன். கோவலனுக்குப் பரணும் இல்லை, ஊரும் இல்லை. எங்கள் முதல் அக்டோபர் எந்தப் பாட்டில் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பதின்மூன்றாம் அடியில் நக்கீரரும் குளிரை விட்டுவிட்டுப் பூவுக்குப் போகிறார்; பதினான்காம் அடி, ‘பொன்போல் பீரமொடு புதல்புதல் மலர’. பீர்க்கம்பூ. பூசணிக்கு நெருங்கிய சொந்தம்தான் அதுவும். பன்னிரண்டோடு நிறுத்தக் கூடாது, பூவரைக்கும் போகவேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்ததில் இப்போது பதினான்கு அடி சொல்கிறோம்.

அம்மா இப்போதெல்லாம் வாட்ஸாப்பில்தான் வருகிறார். இங்கே மாலை ஏழரை, அங்கே மறுநாள் விடிகாலை ஐந்து. வாசல் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார். முதல் பத்தி முடிந்ததும் வான்கோழிப் பாட்டு, அப்புறம்தான் இரண்டாவது பத்தி என்று பெரியவர் முறை வகுத்திருக்கிறார். நடுவில் வேறு பாட்டு வந்தால் தாளம் போய்விடுகிறது, கடைசியில் வைத்துக்கொள்ளலாமே என்பது என் மகனின் கட்சி. கடைசியில்தான் நக்கீரர் இருக்கிறாரே என்று மகள் சண்டைக்கு வருவாள். இது தீரவில்லை. இதற்கிடையில் பயலுக்கு இன்னொரு ஆசையும் வந்திருக்கிறது: முழுப் பத்தி ஒன்று தனியாகச் சொல்ல வேண்டுமாம், அதுவும் மூன்றாவது. அவனுக்கே கொடுத்துவிடேன் என்று வீட்டில் சிபாரிசு வேறு. நாலாவது பத்தி இருக்கிறது. நிலவறை நிறைய ஆப்பிள், தங்க இடம் தேடி வரும் தேவதைகள் என்று அருமையான பத்தி. அதை அவன் எடுத்துக்கொள்ளட்டும். நான் கொடுப்பதாக இல்லை.