சேறா, கரண்டியா

நவம்பர் 16, சனி

இன்று கடல் ஏறும் ஓதம் 9.40க்கு. ஏழே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். வெயில் முதுகுப் பக்கம், காற்று இல்லை. தண்ணீர் ஏற ஏற நாம் நகரவே வேண்டாம், பறவைகளே கரையோரமாக ஒதுங்கி வரும். வளைமூக்கு உள்ளான் நூறுக்கு மேல். பட்டைவால் மூக்கன் பதினேழு. கொசு உள்ளான் எண்ணி மாளவில்லை.

அந்தக் கொசு உள்ளான் கூட்டத்தின் ஓரத்தில் ஒன்று மட்டும் கொத்தவில்லை. மற்றதெல்லாம் தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டிருக்க, இது அலகைச் சேற்றில் அழுத்தி இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டே நடந்தது. ஸ்கோப்பைத் திருப்பினேன். தலையைத் தூக்கி நேராக என் பக்கம் பார்த்தது. அலகின் நுனி அகலமாக இருந்தது. நான்கு வினாடி இருக்கும். அதற்குள் பொரி வல்லூறு வந்துவிட்டது. சேற்றுவெளி மொத்தமும் எழும்பி, இரண்டு முறை சுற்றி, கடல் பக்கம் போய்விட்டது.

படம் எடுக்கவில்லை.

கரண்டிமூக்கு உள்ளான் என்று அண்ணனுக்குப் போன் செய்தேன். "சேறு ஒட்டியிருக்கும்" என்றார்.

நவம்பர் 17, ஞாயிறு

அதே இடம். ஓதம் முக்கால் மணி நேரம் தள்ளி. வரவில்லை.

நவம்பர் 19

அண்ணனின் மெடிக்கல் ரிப்போர்ட் இன்னும் வரவில்லையாம்.

நவம்பர் 20

தூக்கம் வரவில்லை, எழுதியாவது தீர்க்கிறேன்.

கரண்டிமூக்கு உள்ளான் உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில், சுகோத்கா கடற்கரையில் குஞ்சு பொரிக்கிறது. முட்டையிலிருந்து வெளியே வரும்போதே குஞ்சுக்கு அந்தக் கரண்டி இருக்கும். ஆள் ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவு, அவ்வளவுதான். குளிருக்கு மியான்மர், வங்கதேசச் சேற்றுவெளிகளுக்கு வரும். பக்கவாட்டில் பார்த்தால் கொசு உள்ளானுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவே தெரியாது. நேராகப் பார்த்தால்தான் கரண்டி. நான் பார்த்தது நேராக.

ஆனால் அலகில் சேறு ஒட்டிய கொசு உள்ளானும் நேராகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். எத்தனை பேர் இதில் விழுந்து எழுந்திருக்கிறார்கள். பத்து வருடம் முன்னால் அண்ணனே விழுந்திருக்கிறார், அதைச் சொன்னால் கோபம் வரும்.

சரி, சேறு என்றே வைத்துக்கொள்வோம். அது கரண்டிமூக்கு மாதிரியே துழாவியதே, அதற்கு என்ன பதில்? சேறு ஒட்டினால் நடையுமா மாறும்?

பார்த்ததைப் பறவைப் பட்டியலில் ஏற்றியிருந்தேன். ஆதாரம் கேட்டு மடல் வந்திருக்கிறது. மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். அதுதான் எரிச்சல்.

நவம்பர் 23, சனி

இந்த வாரம் ஓதம் மட்டம், கடலுக்குப் போய்ப் பயனில்லை. ஏரிக்குப் போனேன். விரால் அடிப்பான் ஒன்று, பட்டுப்போன மரத்தில். மூன்று முறை பாய்ந்தது, மூன்றும் வீண். ஒவ்வொரு முறையும் மேலே வந்து நாய் மாதிரி உடம்பை உதறிக்கொண்டது. நான்காவதில் மீன். இரண்டு காலையும் முன்னும் பின்னுமாகப் பிடித்து, மீனின் தலையைக் காற்றுக்கு எதிரே திருப்பி வைத்துக்கொண்டு பறந்தது. வெளிவிரலைப் பின்னால் மடக்க முடிவதால்தான் அந்தப் பிடி. பார்க்கும்போதெல்லாம் மீன் ஏதோ அதை ஓட்டிக்கொண்டு போவதுபோல் இருக்கும் என்பார் அண்ணன். இன்று சிரிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

நவம்பர் 26

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஆபரேஷன் தேதி டிசம்பர் 12.

நவம்பர் 29

அண்ணனைப் போய்ப் பார்த்தேன். சட்டை தொளதொளவென்று கிடந்தது. அண்ணி உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"மூக்கன் கிளம்புவதற்கு முன்னால் என்ன செய்யும், சொல்லு."

"கொழுப்பு சேர்க்கும்."

"அப்புறம்?"

எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "குடலைச் சுருக்கிக்கொள்ளும். வழியில் சாப்பாடு கிடையாதே, எதற்கு வீண் சுமை? எனக்கும் டாக்டர் அதைத்தான் செய்யப்போகிறார்."

2022இல் ஒரு பட்டைவால் மூக்கன், ஐந்து மாதக் குஞ்சு, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்தது. பதினோரு நாள். அதையும் அவரே சொன்னார், ஏதோ அவர் வளர்த்துவிட்ட பறவை மாதிரி. கிளம்பும்போது மட்டும், "நீ பார்த்த கரண்டியின் கால் என்ன நிறம்?" என்று கேட்டார்.

கறுப்பு என்றேன். கொசு உள்ளானுக்கும் கறுப்புதான். இருவருக்கும் தெரியும்.

டிசம்பர் 1, ஞாயிறு

அமாவாசை. நல்ல ஓதம். எட்டரைக்கு அகன்ற அலகோடு ஒன்று! கை நடுங்கி ஸ்கோப் இலக்கை விட்டு விலகியது. இருபது நிமிடம் அதையே பார்த்தேன். கொத்தியது, ஓடியது, மறுபடி கொத்தியது. பிறகு தண்ணீரோரம் நின்று அலகை இரண்டு தரம் முக்கி எடுத்தது. கரண்டி கரைந்துபோய் ஊசி அலகு வந்தது.

அண்ணனிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 2

ஆனால் அது கொத்தியது. 16ஆம் தேதிப் பறவை கொத்தவில்லை.

டிசம்பர் 7, சனி

குட்டையில் ஃபலரோப் என்ற அபூர்வ நீர்ப்பறவை இறங்கியிருக்கிறது என்று தகவல். போனால் முப்பது பேர். பறவை பம்பரம் மாதிரி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நீந்தி, அடியிலிருந்து மேலே வரும் பூச்சியைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. அழகுதான். ஒருவர் படத்துக்காகத் தண்ணீரில் இறங்கிவிட்டார். அது எழும்பி அடுத்த கரைக்குப் போனது, அவரும் போனார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும்தான். அபூர்வப் பறவை வந்தால் மனுஷன் இப்படி ஆகிவிடுகிறான். 16ஆம் தேதி நான் தனியாக இருந்தது நல்லதுக்குத்தானோ என்னவோ.

டிசம்பர் 8, ஞாயிறு

புல்வெளி, சாயங்காலம். பூனைப் பருந்துகள் அடையும் நேரம். தரையை ஒட்டி, காதால் தேடுவதுபோல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகப் புல்லுக்குள் விழுந்து மறைந்தன. போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு எண்ணினேன். அந்தப் பக்கம் அண்ணனும் கூடவே எண்ணினார். நான் 41 என்றேன், அவர் 43 என்றார். பார்க்காமலே!

43 என்றே எழுதிக்கொண்டேன்.

டிசம்பர் 11

நாளைக்கு. ராத்திரி ஒன்பதுக்கு அவரே கூப்பிட்டார். "15 பௌர்ணமி. நீ போ, எனக்காக உட்கார்ந்திருக்காதே. அலகைப் பார்க்காதே, நடையைப் பார்." அப்படியென்றால் நம்புகிறாரா? கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

டிசம்பர் 12

காலை ஏழுக்கு உள்ளே. மதியம் ஒன்றரைக்கு வெளியே. அவ்வளவுதான் தெரியும்.

டிசம்பர் 13

இன்னும் வார்டுக்கு மாற்றவில்லை. மொட்டைமாடிக்கு மேலே கரும்பருந்துகள் வட்டமிட்டன. எண்ணவில்லை.

டிசம்பர் 14, சனி

மாற்றிவிட்டார்கள். பேசக்கூடாது என்றார்களாம். அண்ணியின் கையைத் திருப்பி உள்ளங்கையில் விரலால் இடமும் வலமுமாகத் துழாவிக் காட்டினாராம். "என்னம்மா அது, தண்ணீர் கேட்கிறாரா?" என்று அண்ணி பயந்துபோய்க் கேட்கிறார்.

டிசம்பர் 15, ஞாயிறு

ஓதம் 9.35. மேகமாக இருக்கிறது. லென்ஸ் துடைக்கும் துணியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.