கோடு நிற்கும் இடம் பார்த்து யி ஜிங் வாசிப்பது

யி ஜிங் என்ற பழைய சீனக் குறிநூலைப் பார்க்கத் துளையுள்ள சீனக் காசு தேடிக் கொழும்புப் புறக்கோட்டையெல்லாம் அலைய வேண்டாம். மூன்று பத்து ரூபாய்க் குத்திக்காசு போதும். இலச்சினைப் பக்கம் 3, பெறுமதிப் பக்கம் 2 என்று எறியமுன்பே முடிவெடுத்துவிடுங்கள். கூட்டுத்தொகை 7, 9 என்றால் யாங், முழுக்கோடு. 6, 8 என்றால் யின், நடுவில் முறிந்த கோடு. 6உம் 9உம் மாறும் கோடுகள், அதாவது தம் எதிர்க்கோடாக மாறுபவை.

ஆறு தடவை எறிந்து, கீழிருந்து மேலாக வரையவேண்டும். ஆறு கோடும் சேர்ந்தது ஓர் உரு, நூலில் அதற்கு ஓர் எண் உண்டு. பலர் பிழைவிடுவது இங்கேதான். மேலிருந்து வரைந்தால் 11ஆம் உருவான அமைதி, 12ஆம் உருவான முடக்கமாகிவிடும்.

இனி இடம். கீழிருந்து எண்ணினால் 1, 3, 5ஆம் இடங்கள் யாங்குக்கு உரியவை. 2, 4, 6 யின்னுக்கு. 63ஆம் உருவில் மட்டுமே ஆறும் தத்தம் இடத்தில் நிற்கும். ஆனால் இதை மட்டும் வைத்துப் பலன் சொல்வது அவசரம். 1–4, 2–5, 3–6 சோடிகளையும் பாருங்கள். ஒன்று யின், மற்றது யாங் என்றால் இசைவு. 4ஆம் உருவில் 2இல் யாங், 5இல் யின். இரண்டுமே உரிய இடத்தில் இல்லை. ஆனாலும் கீழ், மேல் மூன்றுகோட்டுத் தொகுதிகளின் நடுவில் நின்று ஒன்றையொன்று நோக்குவதால், கீழே ஆசிரியரும் மேலே அவரை நாடும் மாணவருமாக நல்ல பொருள் தருகின்றன. நடுவும் இசைவும் இட ஒழுங்கைவிடக் கனமானவை என்றே நான் கொள்கிறேன். 64ஆம் உருவில் ஆறு கோடும் இடம் தவறியவை, மூன்று சோடியும் இசைவானவை. அதை வெறும் தோல்வியாக வாசிக்காதீர்கள்.